கம்பி என்றேன், தம்பி என்றாள்

ஜனவரி 7

பேரன்பும் பெருங்காதும் கொண்ட அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நேற்று மாலை ஐந்தேகால் மணியளவில், நம் வீட்டு இரும்பு பீரோவின் உச்சியில் ஆறு மாத காலமாக உறக்கத்தில் இருந்த பேஸ் கிட்டார் அவர்கள், என் தலைமையில் தரையிறங்கினார். விழாவுக்கு ஒரு கரப்பான்பூச்சி முன்னிலை வகித்தது. அம்மா விளக்குமாற்றுடன் நன்றியுரை ஆற்றினாள். நன்றியில் பாதி என் முதுகிலும் விழுந்தது.

நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதப்போகிறாய், அதனால் இளைத்தாயா பெருத்தாயா என்று கேட்கிறேன்.

உன் அட்டை வந்தது. மூன்றே வரி. ஒன்று, கைப்பேசி, வேலை செய்யும் ஆலையில் எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது, இனி கடிதம்தான். இரண்டு, ஜூன் மாதக் கச்சேரிக்கு வரமுடியாது என்று இடி அண்ணனிடம் சொல்லிவிடு. மூன்று, பேஸ் இனி உன்னுடையது. ஒரு வரிக்கு ஒரு குண்டு வீதம் போட்டுவிட்டு, "அன்புடன்" என்று வேறு முடித்திருக்கிறாய்.

சொன்னேன். இடி அண்ணன் டிரம் குச்சியால் காதைச் சொறிந்துகொண்டார். "நாலு வருஷம் என் இடதுகைப் பக்கம் நின்னு வாசிச்சவ. அவ இல்லாம குழுவே பொக்கை வாய் மாதிரி இருக்கு. ஒப்பந்தம் ஆகஸ்டு வரைக்கும்னா என்ன, ரெண்டு நாள் லீவு தரமாட்டாங்களா?" என்றார். பதில் சொல்வதற்குப் பதில், அவளுக்குப் பதில் நான் இருக்கிறேன் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பார், ஜூனுக்குள் உன் பேஸைப் பேச வைக்கிறேன்.

ஓரத்தில் பொடி எழுத்தில் "ட்யூனர் ஒன்று வாங்கிக்கொள்" என்று எழுதியிருக்கிறாய். நீ எப்போதாவது ட்யூனர் வைத்துச் சுருதி பார்த்திருக்கிறாயா? கிட்டாரின் தோளில் தாடையை அழுத்தி, கண்ணை மூடி, நாலு திருகையும் திருகி, ஒரு வாய்ப்பாடு சொல்லி முடிப்பதற்குள் சுருதி சேர்ப்பாயே. அதே ரத்தம்தானே என் காதிலும் ஓடுகிறது? எனக்கெதற்கு ட்யூனர்?

தாள் ஒல்லியாக இருக்கிறதே என்று பார்க்காதே. அம்மா வேலை செய்யும் அச்சகத்தில் வெட்டி மிஞ்சியது.

இப்படிக்கு,
வீட்டின் வால், விரைவில் குழுவின் தலை.


ஜனவரி 30

அன்புள்ள வாலுக்கு,

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வயிறு சரியாக இருக்கிறது, கை கால் நலம். அம்மாவிடம் இந்த வரியை மட்டும் படித்துக் காட்டு.

உன் காதை நம்பாதே. யார் காதையும் நம்பாதே. ட்யூனர் வாங்கு.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று எழுதுகிறேன், கடைக்குப் போகும்போது இந்தத் தாளையும் எடுத்துப் போ. கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ட்யூனர் வேண்டாம். பேஸின் தடித்த கம்பி போடும் சத்தம் அவ்வளவு கீழே இருக்கும், அம்மாவின் கைப்பேசிக்கு அது எட்டாது. மேடையில் காலால் மிதிக்கிற பெட்டியும் வேண்டாம், பயிற்சிக்கு அது அதிகம். கிட்டாரின் தலையைக் கவ்விக்கொள்கிற கிளிப் மாதிரி இருக்கும், அதைக் கேள். எல்லாக் கிளிப்பும் பேஸுக்கு ஆகாது. கடையிலேயே ஒரு பேஸில் மாட்டி, தடித்த கம்பியை அடித்துப் பார். முள் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் குதித்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கீழே வை. கவ்வுகிற வாயில் ரப்பர் இருக்கிறதா பார். வெயிலிலும் எண் தெரிகிறதா பார். பேட்டரி பெட்டிக்கடையிலும் கிடைக்கிற வகையா என்று கேள்.

முக்கியமாக ஒன்று. அது சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறதா, அதிர்வைத் தொட்டுச் சொல்கிறதா என்று கேள். தொட்டுச் சொல்வதை வாங்கு.

நான் கிளம்புகிற அன்று சேர்த்து வைத்த சுருதி இத்தனை மாதத்தில் கலைந்திருக்கும். நாலையும் புதிதாகச் சேர்.

இடி அண்ணனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அம்மாவின் கண்ணாடிக்குக் கால் மாற்றினீர்களா? பதில் எழுது.

உன் அக்கா.


பிப்ரவரி 12

மலை கடந்தும் கட்டளை போடும் அக்காவுக்கு,

நலம். கண்ணாடிக்குக் கால் மாற்றியாகிவிட்டது, இப்போது அம்மா என் மதிப்பெண்களை இன்னும் தெளிவாகப் பார்க்கிறாள். உன் உடம்புப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "தலைமுடி கொட்டுதான்னு எழுதலையே" என்றாள். அடுத்த முறை உச்சந்தலையில் தொடங்கவும்.

கடைக்குப் போனேன். உன் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி நுழைந்தேன்.

"என்ன வேணும்?" என்றார் கடைக்காரர்.

"ஒரு காது வேணும்ணே. விலை கம்மியா, நம்பகமா."

"யாருக்கு?"

"கிட்டாருக்கு."

மனுஷர் சிரிக்கவே இல்லை. மூன்றை எடுத்துப் போட்டார். முதலாவது சோப்புப் பெட்டி மாதிரி. மைக் வைத்துக் கேட்குமாம். நான் கம்பியைத் தொடவே இல்லை, அது டி என்றது. கடையின் மின்விசிறியைக் கேட்டிருக்கிறது. "டீ வேணும்னு கேக்குதுண்ணே" என்றேன். இரண்டாவது, இருப்பதிலேயே மலிவான கிளிப். தடித்த கம்பியை அடித்ததும் அதன் முள் சூடுபட்ட பூனை மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடியது. கீழே வைத்தேன். மூன்றாவதன் வாயில் ரப்பர், முகத்தில் பெரிய எண், பேஸுக்கென்று தனியாக ஒரு பொத்தான். அடித்தேன். முள் நடுவில் வந்து நின்றது, அம்மா வாசலில் நிற்பது மாதிரி அசையாமல்.

"இது கேட்டுச் சொல்லுமா, தொட்டுச் சொல்லுமா?" என்றேன்.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாருப்பா இதைக் கேக்கச் சொன்னது? இதுக்குக் காதே கிடையாது தம்பி. மரம் நடுங்குறதைத் தொட்டுத்தான் சொல்லும். பக்கத்துல பாறைக்கு வெடி வெச்சாலும் அதுக்குக் கவலை இல்ல."

வாங்கிவிட்டேன். அம்மா கொடுத்ததில் அடங்கியது.

வீட்டுக்கு வந்து நாலு கம்பியையும் அறிமுகம் செய்துவைத்தேன். ஈ, ஏ, டி, ஜி. ஒரு பூச்சி, ஒரு அதட்டல், ஒரு டம்ளர், ஒரு மரியாதை. நாலையும் கச்சிதமாகச் சேர்த்துவிட்டேன். ஒரே ஒரு தகராறு. தடித்த கம்பியை அடித்தால் ஈ என்று காட்ட வேண்டிய இடத்தில் சில சமயம் பி என்று காட்டுகிறது. ஈ இருக்கிற இடத்தில் அதுவும் இருப்பது இயற்கைதான் என்றாலும் (குறிலாகவே படிக்கவும், அம்மா பக்கத்தில் இருக்கிறாள்), நான் ஏமாந்துவிட்டேனா?

இப்படிக்கு,
நெடிலுக்கும் குறிலுக்கும் நடுவே நிற்கும் வால்.


மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

உச்சந்தலை நலம். முடி இருக்கிறது.

ஏமாறவில்லை. நல்லதைத்தான் வாங்கியிருக்கிறாய். நீ ஓங்கி அடிக்கிறாய். தடித்த கம்பியை ஓங்கி அடித்தால் அதற்குள்ளே இருக்கும் மேல் ஸ்வரம் முந்திக்கொள்ளும், ட்யூனர் அதைத்தான் பிடிக்கும். கிட்டார் கழுத்தின் பன்னிரண்டாம் குறுக்குப் பட்டிக்கு (ஃப்ரெட்) மேலே கம்பியைப் பூப்போலத் தொட்டுக்கொண்டு, கட்டை விரலால் மெதுவாகத் தட்டு. ஈ வந்துவிடும்.

இங்கே நானும் கம்பியோடுதான் இருக்கிறேன். சக்கரம் சக்கரமாகக் கம்பி வரும். இயந்திரம் ஒரு பக்கம் அதை விழுங்கி மறு பக்கம் ஆணியாகத் துப்பும். ஒரு வரிசையில் பதினாறு இயந்திரம். யாரும் யாரோடும் பேசுவதில்லை. தண்ணீர் என்றால் கட்டை விரல், மேற்பார்வையாளர் வருகிறார் என்றால் மீசையைத் தடவுவது. மேல்கட்டிலுக்கு (என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுப்பவள், வீட்டில் இரண்டு பிள்ளைகள்) இந்த மீசைச் சைகை அவ்வளவு பிடிக்கும். மேற்பார்வையாளர் ஒரு பெண்.

காதுக்குப் பஞ்சு தருகிறார்கள்.

எந்தப் பாட்டில் தொடங்கினாய், எந்த விரல் வலிக்கிறது, எல்லாவற்றையும் எழுது. விரிவாக எழுது.

உன் அக்கா.


மார்ச் 17

ஆணி ஆலையின் அரசிக்கு,

நலம், ஆனால் வீட்டில் யாரும் நலமாக இருக்க நான் விடவில்லை. ட்யூனரை எதில் மாட்டினாலும் ஏதாவது சொல்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மாட்டினேன், ஜி, கொஞ்சம் இறக்கம். என் மூக்கில் மாட்டிக்கொண்டு முனகினேன், ஏ. அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணாடிக் காலில் மாட்டிவிட்டேன். முள் சிவப்பிலேயே நின்றது. "அம்மா, சுருதி ஏறிப்போச்சு, கொஞ்சம் தளர்த்து" என்றேன். அதற்கப்புறம் அவள் திட்டிய ஸ்வரங்கள் எந்த ட்யூனரிலும் இல்லை.

பாவம், இரண்டு வாரமாக அவளுக்குப் பல் வலி. வைத்தியரிடம் போகச் சொன்னால் போகமாட்டாள். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

நீ கேட்ட செய்தி. முதல் பாட்டு முடிந்துவிட்டது. இரண்டாவதும் முக்கால்வாசி. சனிக்கிழமை இடி அண்ணன் வீட்டு மாடியில் குழுவோடு சேர்ந்து வாசித்தேன். முடித்ததும் அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "டேய், உங்க அக்காவையே மறக்கடிச்சிட்டியே!" என்றார். கீபோர்டு வாசிக்கும் அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஜூன் பதினைந்தாம் தேதி, பொது அரங்கத்தில், நீ நிற்கும் இடத்தில் நான். இடது பக்கம். உனக்குப் பொறாமையாக இருந்தால் தாராளமாகப் பொறாமைப்படு. உடனே கிளம்பி வந்தாலும் தடுக்கமாட்டேன்.

வலது கை நடுவிரலில் காய்ப்பு காய்த்துவிட்டது. கல் மாதிரி இருக்கிறது. பள்ளியில் எல்லோரிடமும் காட்டினேன்.

ஏப்ரல் இரண்டு உன் பிறந்தநாள். மேல்கட்டிலிடம் கைப்பேசி இருக்கும்தானே? கடன் வாங்கிக் கூப்பிடு. அம்மா உன் குரல் கேட்டு நாலு மாதம் ஆகிறது. கூப்பிடாவிட்டால் அம்மா அழுவாள், நான் சிரிப்பேன், இரண்டையும் உன்னால் தாங்க முடியாது.

இப்படிக்கு,
காய்த்த மரம்.


ஏப்ரல் 4

சிலேடைச் சிகாமணி அக்காவுக்கு,

இத்தனை வருடம் என் சிலேடைகளுக்கு "கடிக்காதேடா" என்று தலையில் குட்டியவள், என்னைவிடப் பெரிய ஆள் என்று முந்தாநாள்தான் தெரிந்தது. எதிர்காலச் சந்ததியினருக்காக அந்த உரையாடலை அப்படியே எழுதி வைக்கிறேன்.

நான்: "அக்கா, பிறந்தநாள் வாழ்த்து!"

நீ: "சத்தமா பேசுடா, லைன் சரியில்ல."

நான்: "அம்மாவுக்குப் பல்லு வலி!"

நீ: "நல்ல வழியா? எங்க போறா?"

(அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். முதல் புள்ளி உனக்கு.)

நான்: "ட்யூனர் நல்லா வேலை செய்யுது!"

நீ: "ஊர் நல்லாருக்கு. வேலையும் நல்லாருக்கு."

(இரண்டு.)

நான்: "கம்பி கொஞ்சம் இறங்கிடுச்சுக்கா!"

நீ: "தம்பி இறங்கிட்டானா? எந்த ஸ்டாப்புல? நீதானேடா தம்பி!"

இதில் நான் விழுந்தேன். கம்பிக்குத் தம்பி! பதினாறு வருடமாக என் கூடவே இருந்த சிலேடை, எனக்கே தோன்றவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் மேல்கட்டில் அக்கா போனை வாங்கி, "அவளுக்கு வேலைக்கு நேரமாச்சு தம்பி, கடிதம் எழுதுவா" என்று சொல்லி வைத்துவிட்டார். பாதியில் வைத்தால் எப்படி? எனக்கு இன்னும் கணக்கு தீரவில்லை. அடுத்த கடிதத்தில் மூன்று சிலேடையாவது அனுப்பு, பதிலடி தயார்.

அம்மாவின் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது.

இப்படிக்கு,
மூன்றுக்குச் சுழியம் என்று தோற்ற தம்பி, அதாவது கம்பி.


மே 21

அக்காவுக்கு,

நலம்.

போனில் பேசி ஏழு வாரம் ஆகிறது, உன் கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? இடி அண்ணன் சொன்னது உனக்குக் கோபமா? அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று போனில் பேசியதை நான் எல்லோருக்கும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நேற்றும் பக்கத்து வீட்டு மாமாவுக்கு நடித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். அம்மா புத்தகத்துக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தாள், அச்சகத்திலிருந்து கொண்டுவந்த வேலை. பசைத் தூரிகையை வைத்துவிட்டு, "போதும்" என்றாள்.

"ஏம்மா?"

"நீ சொன்னதுல ஒண்ணாவது அவ சரியா கேட்டாளா?"

"அதுதாம்மா சிலேடை."

"அவ என்னைக்குடா சிலேடை பேசியிருக்கா?"

நான் யோசித்துப் பார்த்தேன். நீ பேசியதே இல்லை.

அக்கா, நான் கம்பி என்று சொன்னேன். உனக்கு நிஜமாகவே தம்பி என்றுதான் கேட்டதா? விளையாட்டா இல்லையா என்று மட்டும் எழுது. ஒரு வார்த்தை போதும்.

தம்பி.


ஜூன் 1

அன்புள்ள வாலுக்கு,

நலம் என்று எழுத வரவில்லை.

விளையாட்டு இல்லை.

அக்கா.


ஜூன் 5

அன்புள்ள வாலுக்கு,

போன கடிதத்தை இரண்டே வரியில் முடித்ததற்குத் திட்டாதே. அந்த இரண்டு வரியை எழுத ஏழு வாரம் ஆனது.

போன வருடம் மழை தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிட்டது. முதலில் விடுதியில் விசில் அடிக்கும் பாத்திரம் ஒன்று இருந்தது, அது பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். மற்றவர்கள் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்கள். அப்புறம் குருவிகள் போயின. அப்புறம் பேச்சில் ஒவ்வொரு எழுத்தாக. பள்ளியில் உயிர், மெய் என்று படித்தோமே. எனக்கு இப்போது உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. கம்பி என்றால் அ, இ என்று வருகிறது. அதற்கு முன்னால் எதைப் போட்டுக்கொள்வது என்று நானாகத்தான் தீர்மானிக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தோன்றியது உன்னைத்தான்.

கைப்பேசி எண்ணெய்த் தொட்டியில் விழவில்லை. பெட்டிக்குள் இருக்கிறது. அதில் அம்மா கூப்பிடுவாள், நான் ஊகித்து ஊகித்துப் பதில் சொல்வேன், ஒருநாள் பிடிபடுவேன் என்று பயந்தேன்.

ஆலையில் காதுச் சோதனை வைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எதிரே இருந்தவரின் விரல் அசையும்போதெல்லாம் நான் அழுத்தினேன். பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்த்து நீ செய்கிற வேலைதான். முதல் முறை தப்பித்துவிட்டேன். இரண்டாவது முறை அவர் திரை போட்டுவிட்டார். இப்போது என்னை ஆணிகளைப் பெட்டியில் அடைக்கும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே சத்தம் இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரியாது. போனது திரும்பி வராதாம்.

அதனால்தான் பேஸ் உனக்கு. இடி அண்ணனின் இடது பக்கம் நின்று நான் சுருதி தப்பி வாசித்தால், அது தப்பு என்றுகூட எனக்குத் தெரியாதே. அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அதை மட்டும் என்னால் முடியாது.

நீ குழுவோடு வாசித்தாய் என்று எழுதிய கடிதத்தை மேல்கட்டிலுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். காய்ப்பு காய்த்த வரியில் அவள் கை தட்டினாள். என் தலையணைக்கு அடியில் அதுதான் இருக்கிறது. அந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால் இந்த வசந்தத்தை எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை. பேஸ் ஓரிடத்தில் பேசிக்கொண்டுதான் இருக்கிறது என்பது எனக்குப் போதும்.

பதினைந்தாம் தேதி தடித்த கம்பியை ஓங்கி அடிக்காதே. அம்மாவிடம் எப்படிச் சொல்வாயோ சொல். அழவிடாதே.

உன் அக்கா.


ஜூன் 17

அக்காவுக்கு,

அம்மாவிடம் சொல்லத் தேவை இருக்கவில்லை. உன் கடிதத்தை நான் படிக்கும்போது என் முகத்தைப் படித்துவிட்டாள். அழவில்லை. பசைக் கையைக் கழுவிவிட்டு அச்சகத்துக்குப் போய் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். "ஒப்பந்தமாவது ஒண்ணாவது" என்றாள். சனிக்கிழமை கிளம்பி உன்னிடம் வருகிறாள், உன்னைக் கூட்டிவர. இந்தக் கடிதத்தையும் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். முகத்தை நேராகக் காட்டி, வாயைத் திறந்து, மெதுவாகப் பேச வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பல் போன இடம் தெரியும். சிரிக்காதே.

இனிமேல் வருவதை அவள் உன் முன்னால் இருக்கும்போது படிக்காதே. தனியாகப் படி.

நீ எனக்கு மெய்யை எழுதிவிட்டாய். நான் உனக்கு இதுவரை ஒரு மெய்கூட எழுதவில்லை.

பதினைந்தாம் தேதி கச்சேரி நடந்தது. பேஸ் இல்லாமல் நடந்தது. கீபோர்டு வாசிக்கும் அக்கா இடது கையால் சமாளித்தார். இடி அண்ணனுக்கு இடது பக்கம் காலியாகவே இருந்தது, மைக் கம்பி ஒன்று மட்டும் நின்றது. நான் அரங்கத்தில்தான் இருந்தேன். நாற்காலி போட்டேன். முடிந்ததும் நாற்காலி அடுக்கினேன். முந்நூற்றுப் பத்து நாற்காலி. "உங்க அக்காவையே மறக்கடிச்சிட்டியே" என்று அண்ணன் சொல்லவே இல்லை. சொல்ல அவருக்கு என்ன தெரியும்? நான் அவர் வீட்டு மாடிக்கு ஏறினதே இல்லை.

முதல் பாட்டும் இல்லை, முக்கால்வாசி இரண்டாவது பாட்டும் இல்லை. சுருதியும் சேர்க்கவில்லை. திருகுகளை நான் தொட்டதே இல்லை, அக்கா. நீ கிளம்புகிற அன்று தாடையை வைத்துச் சேர்த்துவிட்டுப் போனதுதான் இன்றைக்கும் இருக்கிறது. உன் அட்டை வந்த அன்று வீம்புக்குப் பீரோ மேலிருந்து இறக்கிவிட்டேனே தவிர, திருகில் கை வைக்கும்போது, இதைத் திருகிவிட்டால் நீ சேர்த்தது போய்விடுமே என்று தோன்றியது. வைத்த கையை எடுத்துவிட்டேன். நான் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டால், நீ வர வேண்டிய அவசியமே இருக்காது என்றும் தோன்றியது. அதனால் கற்றுக்கொண்டதாக மட்டும் எழுதினேன். படித்துவிட்டுப் பொறாமைப்பட்டு ஓடி வருவாய் என்று நினைத்தேன். நீ அதைத் தலையணைக்கு அடியில் வைப்பாய் என்று எனக்குத் தெரியாது.

ட்யூனர் வாங்கியது மட்டும் மெய். நல்ல ட்யூனர். தினமும் பள்ளி விட்டு வந்ததும் மாட்டி, நாலு கம்பியையும் ஒரு தடவை தட்டி, முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வைக்கிறேன். அவ்வளவுதான் என் பயிற்சி. மிச்சத் தாளில் அம்மா தைத்துத் தந்த நோட்டு ஒன்று அதற்கு இருக்கிறது. வாங்கிய அன்று தடித்த கம்பி நடுவிலிருந்து பதினெட்டுக் கோடு கீழே இருந்தது. இன்றைக்கு இருபத்தாறு. ஏ கம்பி பதினைந்து. டி ஒன்பது. ஜி மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது, நாலே கோடு. நீ போன பிறகு உன் சுருதி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஒரு நாள்கூட விடாமல் என்னிடம் கணக்கு இருக்கிறது. மே மாதம் உன் கடிதம் வராத நாட்களில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்த்தேன்.

போனில் கம்பி இறங்கிடுச்சு என்று சொன்னேனே, அன்று நான் வாய் தவறிச் சொன்ன ஒரே உண்மை அது. நீ தம்பி என்று கேட்டாய். சரியாகத்தான் கேட்டிருக்கிறாய்.

அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துவிடு. மேல்கட்டில் அக்காவிடமும் சொல்லிவிடு. அவர் கை தட்டியது நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

நடுவிரலில் காய்ப்பு இருப்பது நிஜம். நீ வந்ததும் தொட்டுப் பார்க்கலாம், கல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அது கம்பி பட்டுக் காய்த்ததில்லை, அக்கா. பேனா பிடித்துக் காய்த்தது. ஒவ்வொரு கடிதத்தையும் நாலைந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டுத்தான் அனுப்பினேன், சிரிப்பு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து.

இப்படிக்கு,
தம்பி.